கழுத்தைக் கவ்விய நாய்

'வொரி' என்றால் கவலை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இங்கிலாந்தின் வடக்கே, ஆடு மேய்க்கிற கம்பிரியா மலைக்கு வந்து அதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். இங்கே அது நாய் செய்கிற காரியம்: ஆட்டின் கழுத்தைக் கவ்வி உலுக்குவது. ஆதியில் அந்தச் சொல்லுக்குக் கழுத்தை நெரிப்பது என்றே பொருள். அப்புறம் கடித்துக் குதறுவது, அதற்கப்புறம் தொல்லை கொடுப்பது. மனசை அரிக்கிற கவலையெல்லாம் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்ட பொருள். மேய்ச்சல் நிலத்துக் கதவுகளில் இன்னும் பலகை தொங்குகிறது: நாய் ஆட்டை 'வொரி' செய்தால் சுடப்படும்.

எட்னா பர்கெட்டுக்குக் கவலை என்பதே ஒத்துக்கொள்ளாது. அன்று காலை பக்கத்துப் பண்ணை வில்ஃப் ரிட்சன் துப்பாக்கியோடு வந்து நின்றபோதும், அவள் கையிலிருந்த தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

"என் சினை ஆடு ரெண்டு செத்துக் கிடக்கு. கழுத்துல கடி. உன் ஜெஸ்ஸை வெளிய கூப்பிடு," என்றான் வில்ஃப்.

"ஏன்யா, ஊர்ல வேற நாயே இல்லையா? உன் கிளென் என்ன, சாமியாரா?"

"தன் மந்தையை எந்த நாயும் தொடாது. இதுகூடத் தெரியாமத்தான் இத்தனை வருஷம் ஆடு வளர்த்தியா?"

மலையில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். எட்னாவும் நம்பினாள். ஆனால் ஜெஸ் அப்படிச் செய்திருக்காது. மடியில் கனமில்லை, அப்புறம் வழியில் என்ன பயம்?

"சரி, சலவைச் சோடாவைக் கொடுத்துப் பார்த்துருவோம். ஜெஸ் வயித்துலேருந்து ஆட்டுக் கம்பளி வந்தா நானே சுடறேன். ஆனா கிளென்னுக்கும் கொடுக்கணும். நியாயம்னா நியாயம்."

"தாராளமாக் கொடு! பாவம், உனக்குத்தான் மூஞ்சி தொங்கப்போவுது," என்று சிரித்தான் வில்ஃப்.

அவன் வீட்டு முற்றத்தில்தான் அது நடந்தது. நாக்குக்கடியில் சோடாக் கட்டியைத் தள்ளினால் எந்த நாயும் தின்றதையெல்லாம் கக்கிவிடும். ஜெஸ் முதலில் கக்கியது. ஓட்ஸ் கஞ்சி, ரொட்டித் துண்டு, எங்கேயோ திருடித் தின்ற வெண்ணெய்க் காகிதம். "திருட்டுக் கழுதை!" என்று எட்னா அதன் தலையில் செல்லமாகத் தட்டினாள்.

பிறகு கிளென் முதுகை வளைத்து இருமியது. கல்தரையில் இறைச்சியும் கம்பளியும் கட்டியாக விழுந்தன. கம்பளி நுனியில் சிவப்புச் சாயம் இருந்தது. அந்தப் பக்கத்தில் ஆடுகளுக்குச் சிவப்பு அடையாளம் போடுகிறவன் வில்ஃப் ஒருத்தன்தான்.

வில்ஃப் பூட்ஸ் முனையால் அதைப் புரட்டிப் பார்த்தான். மறுபடியும் புரட்டினான். வழியெல்லாம் என்னென்ன சொல்லிக் குத்திக்காட்டலாம் என்று யோசித்துக்கொண்டே வந்த எட்னா ஜெஸ்ஸை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். ஐயோ, இந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி போனபிறகு வீட்டில் பேச இருந்த ஒரே உயிர் அதுதானே என்று நினைத்தாள்.

ஆட்டின் ருசி கண்ட நாயை வைத்துக்கொள்ள முடியாது. அது இருவருக்கும் தெரியும்.

வில்ஃப் துப்பாக்கியை நீட்டினான். "நீ செய்துரு எட்னா. என்னால ஆகாது."

அவள் வாங்கிக்கொண்டாள். வில்ஃப் வீட்டுக்குள் போகத் திரும்பினான். உடனே கிளென் தள்ளாடி எழுந்து அவன் பின்னாலேயே நடந்தது.

"நில்லுய்யா," என்றாள் எட்னா. "நீ உள்ள போயிட்டா அது உன்னைத் தேடிக்கிட்டே சாகும். பக்கத்துல இரு."

வில்ஃப் நின்றான். பிறகு மண்டியிட்டு அதன் காதைத் தடவினான்.

"கிளென், படு," என்றான்.

அது உடனே படுத்துக்கொண்டது.