துவைத்துத் தேய்த்த துண்டு

சலவைக்கடை வைத்திருக்கும் அக்காவின் வீட்டில் ஆட்சி நடத்தியது பூனைதான். சாம்பல் நிறம், சரிந்த தொந்தி, பெயர் துரை. வாடகை கட்டுவதும் பூனை வெளிக்குப் போகும் மணல் தட்டைச் சுத்தம் செய்வதும் அக்கா. சோபாவில் படுத்து மேற்பார்வை பார்ப்பது துரை.

அந்த வீட்டுக்குத்தான் ஒரு கையில் பெட்டியும் மறுகையில் கூடையுமாகத் தங்கை வந்து நின்றாள். கூடைக்குள் ஒரு கறுப்புப் பூனைக்குட்டி. புருஷனை விட்டு வந்தவள் பூனையை விடவில்லை. இரண்டில் எது தேறும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"பூனை ரெண்டும் ஒத்துப்போகலைன்னா சொல்லிடுக்கா. நான் வேற இடம் பாத்துக்கறேன்" என்றாள் வாசலிலேயே.

தனியாகச் சாப்பிட்டு அலுத்துப்போனவள் அக்கா. அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவாளா?

"காலைத் தொடச்சுட்டு உள்ள வா. தரை இப்பதான் தொடச்சேன்" என்றாள்.

பூனைகள் ஒத்துப்போக மிருக டாக்டர் சொன்ன வழி சுலபமானது. குட்டியைத் தனி அறையில் வைக்க வேண்டும். அதைத் துடைத்த துண்டைத் துரையின் படுக்கையில் போட வேண்டும். துரையைத் துடைத்த துண்டைக் குட்டிக்குக் கொடுக்க வேண்டும். வாசனை பழகினால் ஆளும் பழகிவிடுமாம்.

அக்கா விரதம்போல் தினமும் துண்டு மாற்றினாள். கதவைத் திறந்த அன்று துரை பாய்ந்த பாய்ச்சலில் திரைச்சீலை கிழிந்தது, தங்கையின் கையும் கிழிந்தது. மறுபடி அடைப்பு, மறுபடி துண்டு, மறுபடி போர்.

தங்கை கிளம்புவதற்காகப் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து அக்கா அடுத்த துண்டோடு வந்தாள். தங்கை அதை வாங்கி முகர்ந்தாள். கமகமவென்று சோப்பு. மடிப்பு கலையாத இஸ்திரி.

"இதை என்னக்கா பண்ணினே?"

"என்ன பண்ணுவாங்க? தொவைச்சுத் தேய்ச்சேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"பின்னே? முடி ஒட்டின துணியை அப்படியே எடுத்துக் குடுத்தா என் கடை மானம் என்ன ஆகும்?"

ஆக, இத்தனை நாளும் பூனைகள் ஒன்றுக்கொன்று பழகவில்லை. இரண்டும் சலவை சோப்போடுதான் நெருங்கிய உறவு கொண்டாடியிருக்கின்றன.

தங்கை பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அக்கா சிரிக்கவில்லை. அவள் கண் பெட்டியிலேயே இருந்தது.

"பூனைங்க எப்படியோ அடிச்சுக்கட்டும். நீ போகாதேடி. எனக்கு நீ இங்க வேணும்."

தங்கையின் சிரிப்பு நின்றது. பெட்டியில் அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

அன்று குட்டியைத் துடைத்த துண்டை, முடியும் எச்சிலுமாக, அக்கா இரண்டு விரலால் தூக்கிப்போய்த் துரையின் முன் போட்டாள். துரை முகர்ந்தது, சீறியது, பிறகு போனால் போகிறதென்று அதன் மேலேயே படுத்துக்கொண்டது.

அந்தத் துண்டு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் அக்காவுக்குக் கை பரபரக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டியபடி, தங்கையைச் சாப்பிடக் கூப்பிடப் போய்விடுவாள்.