குடும்பச் சமாதானம்

அம்மாவின் நினைவு ஆராதனைக்கு அரை மணி நேரம் இருக்கும்போது சபைச் செயலாளர் என் கையில் ஒரு தாளைத் திணித்தார்.

“இதை அப்படியே படிச்சாப் போதும்மா. சொந்தமா எதுவும் சேக்க வேணாம். நேரம் கம்மி.”

நாற்பது வருடம் அந்தச் சபைக் கட்டடத்தைப் பெருக்கித் துடைத்தவளுக்கு நேரம் கம்மி. பாட்டுப் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் நின்று படித்துப் பார்த்தேன். ‘சாந்தமே உருவானவர். யாரிடமும் அதிர்ந்து பேசாதவர்.’ யார், என் அம்மாவா? ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இயந்திர இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே தொண்டை தடித்துப்போனவள். அப்பா போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் என்னைப் படிக்க வைத்து மருந்துக்கடையில் உட்கார வைத்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமை தவறாமல் அதே ஆஸ்பத்திரிக்குப் போய், எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தாள். வரிசையில் குறுக்கே புகுந்த ஒருத்தனைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் காவலாளியே போய் வரிசையில் நின்றுவிட்டார் என்று நர்சுகள் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சரி, செத்தவர்களுக்குச் சாயம் பூசுவது எங்கேயும் நடப்பதுதான். அதைக்கூட விட்டுவிட்டிருப்பேன். அடுத்த வரியைத்தான் விட முடியவில்லை. ‘முதுமை காரணமாக, ஜெப விண்ணப்பங்களை வாசிக்கும் பணியிலிருந்து தாமாகவே விலகிக்கொண்டார்.’

பச்சைப் பொய்.

எங்கள் சபை வாசலில் ஒரு பெட்டி உண்டு. வேண்டுதல் உள்ளவர்கள் பெயர் போடாமல் சீட்டு எழுதி அதில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் செயலாளர் அவற்றைப் பிரித்து, ‘சபைக்கு ஏற்ற மாதிரி’ ஒரு தாளில் எழுதித் தருவார். புருஷன் குடிக்கிறான் என்று இருந்தால் ‘உடல்நலம்’. வேலை போய்விட்டது என்றால் ‘நல்ல வழி’. அடி, உதை என்றால் ‘குடும்பச் சமாதானம்’. பதினோரு வருடம் அந்தத் தாளை வாசித்தது அம்மாதான்.

ஒரு ஞாயிறு செயலாளருக்குக் கடும் காய்ச்சல். சீட்டுகளை அப்படியே அம்மாவுக்குக் கொடுத்தனுப்பி, பார்த்து மாற்றிப் படித்துவிடச் சொன்னார். அம்மா மாற்றவில்லை. ‘என் வீட்டுக்காரர் கழுத்தை நெரிக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று ஒரு சீட்டில் இருந்ததை அப்படியே வாசித்தாள். யாரோ இருமினார்கள். இருமலில் கேட்காமல் போயிருக்கும் என்று இரண்டாவது முறையும் வாசித்தாள். அடுத்த ஞாயிறு அந்த இடத்தில் வேறொருவர் நின்றார். அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நானும் என் பங்குக்குக் கத்தினேன்.

“ஒழுங்கா படிச்சிட்டு வரவேண்டியதுதானே? உனக்கு எதுக்கும்மா ஊர் வம்பு?”

“ஒழுங்காத்தான்டி படிச்சேன்,” என்றாள்.

ஆராதனையில் என் முறை வந்தது. எழுந்து போய் மைக் முன் நின்று, அந்த வரி வரைக்கும் படித்தேன். அங்கேயே தாளை மடித்தேன்.

“இது பொய்,” என்றேன். “எங்கம்மா விலகல. விலக்கிட்டீங்க. ஒரு பொம்பள எழுதினத எழுதினபடியே படிச்சாங்கன்னு நிறுத்திட்டீங்க.”

முதல் வரிசையில் தம்பியோடு உட்கார்ந்திருந்த செயலாளர், ஆர்மோனியக்காரரைப் பார்த்துக் கையைச் சுழற்றினார். பாட்டு தொடங்கியது. சவப்பெட்டிக்குள் போன பிறகும் இவளை வாயை மூட வைக்கிறார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். செயலாளரின் தம்பி மனைவி. ஊரைவிட்டே போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

“அந்தச் சீட்டு நான் எழுதினது,” என்றாள்.

ஆர்மோனியம் நின்றது.

செயலாளர் திரும்பிப் பார்த்தார். “உக்காரும்மா. இது குடும்ப விஷயம். வீட்ல பேசிக்கலாம்.”

“வீட்ல பேச முடியாமத்தான் மாமா சீட்டு எழுதிப் போட்டேன்.”

முதல் வரிசையில் அவள் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

“மறுநாளே உங்கம்மாவத் தேடிப் போய் நான்தான் எழுதினேன்னு சொன்னேன். அன்னிலேர்ந்து இவர் வேலை விட்டு வர்ற நேரத்துக்கு எங்க வீட்டுக்கு வந்து ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்துக்குவாங்க. இவர் சாப்பிட்டுத் தூங்கப் போற வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க. நாலு மாசம். அப்புறம் எங்கக்கா ஊருக்கு என்னை பஸ் ஏத்தி விட்டதும் அவங்கதான்.”

அந்த நாலு மாதமும் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் அம்மா வீட்டைவிட்டுக் கிளம்புவாள். மூட்டுவலியை வைத்துக்கொண்டு என்ன ஊர்சுற்றல் என்று தினமும் திட்டினேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். ஊர் வம்பு என்று சொன்ன மகளிடம் அவள் என்னத்தைச் சொல்வாள்? செயலாளர் ஒரு தாளை வாசிப்பதிலிருந்துதான் அவளை நிறுத்தினார். நான் அவளை வீட்டுக்குள்ளேயே வாயடைத்து வைத்திருந்தேன். அதுவரை அவர்மேல் இருந்த கோபம் அத்தனையும் திரும்பி என்மேலேயே விழுந்தது.

“போதும், அடுத்த பாட்டுக்குப் போகலாம்,” என்றார் செயலாளர்.

“போக முடியாது,” என்றேன்.

மைக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு நடந்தேன். அவள் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

“முதல்லேர்ந்து சொல்லுங்க,” என்றேன். “எனக்கு எதுவும் தெரியாது.”