ஊரிகத்துக்கு வந்த கடல் மீன்

பங்காருபேட்டையைத் தாண்டியதும் ரயில் வழக்கம்போல் நடுவழியில் நின்றது. ஷெர்வினுக்குக் கண் எரிந்தது. முருடேஸ்வரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு பகல் முழுக்க வந்து, கடைசி ரயிலைப் பிடித்து வீடு இருக்கும் ஊரிகத்தில் இறங்கி, விடிவதற்குள் மறுபடியும் வேலைக்குப் பெங்களூர் ரயில். இதற்குக் கம்பெனியில் உல்லாசப் பயணம் என்று பெயர்.

"டூர் போயிட்டு வந்த மூஞ்சியா குரு இது? துக்கத்துக்குப் போயிட்டு வந்தாப்ல கீது" என்றான் எதிர் சீட்டு ரூபேஷ். தினமும் அதே பெட்டியில் வருகிறவன்.

"ஆனா ஒரு மீன் பிடிச்சேன்" என்று ஷெர்வின் செல்போனை நீட்டினான்.

படத்தில் அவன் மேனேஜர் திலீப், தானே பிடித்த மாதிரி மீனைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய உள்ளங்கை மீனின் தலையை முழுவதும் மறைத்திருந்தது. மிச்ச உடம்பு மயில் கழுத்து நிறம். ஓரங்களில் மருதாணி வைத்தது போல் சிவப்பு.

"இது மீனா, கல்யாணப் புடவையா? இன்னா மீன் இது?"

"தெரியல. தூண்டில் போட்ட பாதிப் பேர் வாந்தி எடுத்துகினு இருந்தாங்க. படகுக்காரர் அவங்களைப் பாக்கவே சரியாப் போச்சு. நைனாவுக்காக ஐஸ் வெச்சு எடுத்தாந்தேன்."

நைனா என்றால் அவன் அப்பா யேசுதாஸ். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நுரையீரலில் தூசி. ஒரு மாதமாகச் சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், வற்புறுத்தினால் ஏதோ கொஞ்சம் சாப்பிடுகிறார். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. என்னதான் வேண்டும் என்று கெஞ்சியபோது, "கடல் மீனு இருந்தா ரெண்டு வாய் துண்ணலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஷெர்வின் தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலைப்பாதை முழுக்க வந்தான்.

ரூபேஷ் படத்தைத் தன் போனில் ஏற்றித் தேடினான். கொஞ்ச நேரத்தில் அவன் சிரிப்பு நின்றது.

"தலை தெரியாததால இது மூணு பேரு சொல்லுது. மூணாவது பேத்தை ஜாதியாம். பேத்தைன்னா விஷம்டா. சமைச்சாலும் போவாதாம்."

"வீட்ல சொல்லிட்டுத்தான் வந்தேன். இன்னா மீன்னு விசாரிச்சுட்டு சாயந்திரம் செய்யலாம், அதுவரைக்கும் தொடாதேன்னு."

"எதுக்கும் ஒரு போன் போடு."

மனைவி ஜெயமேரி உடனே எடுத்தாள். பின்னால் குடங்கள் இடிக்கும் சத்தம்.

"மீனு ஃப்ரிட்ஜ்ல தானே கீது?"

"இல்லைங்க. நீங்க அந்தாண்ட போனதும் குழாயில தண்ணி வந்துடுச்சு. இன்னைக்கு விட்டா அடுத்த வாரம்தான். அந்த மீனைக் கழுவவே ரெண்டு குடம் வேணும், சாயந்திரம் எங்க போறது? அதான் செதிலைச் சொரண்டி, வெட்டி, தலையைக் குழம்புக்கு எடுத்து வெச்சுட்டு நாலு துண்டு பொரிச்சேன்." அவள் குரலில் சந்தோஷம். "மாமா ரெண்டு துண்டு சாப்டாரு. தட்டைக் காலி பண்ணிட்டாரு, தெரியுமா!"

ஷெர்வின் விஷயத்தைச் சொன்னான். மறுமுனையில் ஏதோ ஒரு குடம் கவிழ்ந்தது.

"நீ சாப்டியா?"

"இன்னும் இல்ல."

"தொடாதே. தலையைத் தூக்கிப் போடாம வை. நான் வரேன்."

மாலூரில் குதித்து இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த ரயிலில் தொற்றிக்கொண்டான். படகுக்காரரின் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்தான். கடலுக்குப் போயிருப்பார் போலும், தொடர்பு எல்லைக்கு வெளியே. திலீப் மட்டும், லீவு கேட்டு அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டுத் தானாகவே கூப்பிட்டார். லீவு எடுப்பதற்கு முந்தின நாளே சொல்ல வேண்டும் என்றார். ஷெர்வின் "சரி சார்" என்று வைத்தான். கோபப்படுவதற்குக்கூடத் தெம்பு இல்லை.

பங்காருபேட்டையில் ஆட்டோ பிடித்தான். வழியில் ரூபேஷிடமிருந்து செய்தி. 'பேத்தைக்கு வாய் கிளி மூக்கு மாதிரி இருக்குமாம். தலையைப் பார்.'

ஊரிகத்தின் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கத் தண்ணீர் நாள் பரபரப்பு. ஒவ்வொரு வாசலிலும் டிரம், பக்கெட், சொம்புகூட நிரம்பி நின்றது. ஆட்டோக்காரரை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினான். ஜெயமேரி அழுதபடி மூடியிருந்த சட்டியைத் திறந்தாள். மீன் தலை. பற்கள் தனித்தனியாக இல்லாமல் ஒட்டி, முன்பக்கம் வளைந்து, அப்படியே கிளி மூக்கு.

ஷெர்வின் கட்டிலை நோக்கி ஓடினான்.

யேசுதாஸ் கட்டிலில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"நைனா! நைனா!"

"இன்னாத்துக்குக் கத்தற? நான் செவிடா?"

"நாக்கு மரத்துப்போச்சா? வாந்தி வருதா? உப்புத் தண்ணி குடி. ஆஸ்பத்திரிக்குப் போவலாம், ஆட்டோ நிக்குது."

"காலங்காத்தால இன்னா கலாட்டா இது. ஒண்ணும் வேணாம்."

"அந்த மீனு விஷமா இருக்கலாம் நைனா. ரெண்டு துண்டு சாப்ட்ருக்க!"

ஜெயமேரி உப்புத் தண்ணீர் டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனாள். தண்ணீர் அவர் சட்டையில் சிந்தியது. "குடிங்க மாமா. என் கையால போட்டுட்டேனே, குடிங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு டம்ளரைத் தள்ளினார்.

"அழுவாதம்மா. நான் துண்ணல."

"தட்டு காலியா..."

யேசுதாஸ் குனிந்து, மூச்சு வாங்க, கட்டிலுக்கடியில் கை விட்டு ஒரு பால் கவரை எடுத்தார். ஷெர்வின் வாங்கிப் பிரித்தான். பொரித்த மீன் இரண்டு துண்டு, முழுசாக. அதன் கீழே நேற்றைய இட்லி. அதற்கும் கீழே காய்ந்த சப்பாத்தி.

வாசலில் யாருடைய டிரம்மோ நிரம்பி வழிந்தது.

"எத்தினி நாளா நைனா?"

"இவ பாவம், தட்டோட முன்னாடியே நிக்கறா. துண்ணலைன்னா மூஞ்சி சுருங்கிப் போவுது. அதான் அவ அந்தாண்ட திரும்பினதும் கவர்ல போட்டு, துண்ட மாதிரி... ராத்திரி நாய் வந்தா போட்டுடுவேன்."

"கடல் மீனு கேட்டியே?"

"நீ விடாம கேட்டுகினே இருந்த. எதையாவது சொல்லணுமேன்னு சொன்னேன். ஊரிகத்துல கடல் மீனு எங்க கெடைக்கப் போவுதுன்னு நெனச்சேன். நீ மெனக்கெட்டுப் போய்ப் பிடிச்சாருவன்னு கண்டனா?"

போன் அடித்தது. படகுக்காரர். ஷெர்வின் களைத்த குரலில் கன்னடத்தில் நடந்ததைச் சொன்னான். அவர் ஒரே கேள்வி கேட்டார். செதில் இருந்ததா? ஷெர்வின் வாசல் சாக்கடையைப் பார்த்தான். தண்ணீர் நாளின் வெள்ளத்தில் மிதந்து, கல்லில் ஒட்டிக் கிடந்தன, பெரிய பெரிய செதில்கள். காசு அகலம், நீலப் பளபளப்பு இன்னும் போகவில்லை. இருக்கிறது என்றான்.

"அப்போ பேத்தை இல்லை. அது கிளி மீன். பாறையைக் கொத்தித் தின்னும், அதற்குத்தான் அந்த மூக்கு. பயமில்லாமல் சாப்பிடுங்கள். ஆனால் ருசி சுமார்தான்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"இன்னாவாம்?" என்றார் யேசுதாஸ்.

"கிளி மீனாம். விஷம் இல்லியாம்."

"கிளியா? காட்டு."

ஷெர்வின் படத்தைக் காட்டினான். அவர் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். "நல்ல கலரு. இந்த ஆளு யாரு, கழுத்தை நெறிச்சுகினு?"

"என் மேனேஜரு."

"மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது."

ஜெயமேரி சட்டியில் மிச்சமிருந்த இரண்டு துண்டுகளைத் தட்டில் கொண்டுவந்தாள். வழக்கம்போல் தட்டோடு முன்னால் நிற்கவில்லை. கட்டிலின் மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஷெர்வினுக்கு அப்போதுதான் பசி தெரிந்தது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான். சுமார்தான்.

"எனக்குக் கொஞ்சம் குடு" என்றார் யேசுதாஸ்.

முள் இல்லாத வெள்ளைச் சதையாக, நகத்தளவு எடுத்துக் கொடுத்தான். அவர் வாயில் வைத்தார். மென்றார். கழுத்து நரம்புகள் எழுந்தன. ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். விழுங்கப் பார்த்து, நிறுத்தி, மூச்சை இழுத்து, மறுபடி பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஒருவழியாக உள்ளே போனபோது நெற்றி முழுக்க வேர்த்திருந்தது.

ஒரு மாதமாக மூன்று வேளையும் தட்டு வைத்திருக்கிறார்கள். அவர் விழுங்குவதை இன்றைக்குத்தான் இருவரும் பார்க்கிறார்கள்.

"போதுமா?" என்று கேட்டார், ஏதோ அவர்களுக்காகச் செய்து காட்டியது போல.

"போதும் நைனா" என்றான் ஷெர்வின். கையைத் துடைத்துக்கொண்டு அவருடைய செருப்பை எடுத்துக் கட்டிலருகே வைத்தான். ஜெயமேரி துவைத்த வேட்டியைத் தேடி எழுந்தாள். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"விஷம் இல்லைன்னியே, அப்புறம் ஆட்டோ எதுக்கு?"

"தொண்டையைக் காட்டிட்டு வரலாம். வா நைனா" என்று ஷெர்வின் தோளைக் கொடுத்தான்.