காலில் பட்ட குண்டு

மழை. ரப்பர்ப் பால்மரங்களின் மேல் மழை, தகரக் கூரையின் மேல் மழை. கூரைக்குக் கீழே, இருட்டிக்கொண்டு வரும் அறையில், ரேடியோவின் முகத்தில் மட்டும் ஒரு மஞ்சள் வெளிச்சம்.

அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து குதிரைகள் வரும்.

முதலில் தூரத்தில். பிறகு பக்கத்தில். பிறகு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட மாதிரி. ஞானப்பூ கால்களைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொள்வாள். குதிரை மிதித்துவிடுமோ என்கிற பயம்தான், வேறென்ன.

இப்போது அவளுக்கு வயதாகிவிட்டது. மலேசியாவில், கிள்ளானில், மகளின் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். சுவரளவு தொலைக்காட்சி. அதில் ஓடாத குதிரையா, வெடிக்காத துப்பாக்கியா? அத்தனையும் பார்த்துக்கொண்டே கீரை ஆய்கிறாள். எல்லாம்தான் கண்ணுக்குத் தெரிகிறதே, பிறகு எங்கிருந்து பயம் வரும் என்பாள்.

அவள் ஏங்குவது அந்தச் சனிக்கிழமைச் சாயங்காலங்களுக்கு. கடல் தாண்டி வந்த குதிரைக்கார நாடகங்களுக்கு. நெஞ்சு அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ளக் கேட்டதற்கு. காதோரம் அவற்றைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்த குரலுக்கு.

குரல் தேவசகாயத்துடையது. அவள் புருஷன். மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தின் கிராணி. கணக்கு எழுதுகிற உத்தியோகம். துரையிடம் நேருக்கு நேர் இங்கிலீஷ் பேசுகிற ஒரே தமிழன் என்கிற மிதப்பு அவருக்குக் கொஞ்சம் உண்டு.

அவளோ நாகர்கோவில் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் யெஸ், நோ இரண்டுதான். அதிலும் நோ-வை அவரிடம் சொல்லிப் பழகவில்லை.

நாடகம் ஓடும். அவர் சொல்லிக்கொண்டே வருவார். ஷெரீப் என்றால் தலையாரி. சலூன் என்றால் கள்ளுக்கடை. அமெரிக்கப் பாலைவனம் முழுவதையும் அவளுக்காக ஆரல்வாய்மொழிப் பொட்டலாக்கிவிட்டார். ரேடியோவில் காற்று அடித்தால் அவளுக்கு அந்த ஊர்க் காற்றே அடித்தது.

பிறகு வெடி கேட்கும். யாரோ விழுவான். அவள் அவர் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"செத்துட்டானா?"

"இல்ல, ஞானம். கால்லதான் பட்டுச்சு."

எத்தனை குண்டுகள். எல்லாம் காலில்தான். அந்த நாட்டில் ஒழுங்காகக் குறிபார்க்கத் தெரிந்தவன் ஒருவனும் இல்லையோ என்று அவளுக்குத் தோன்றியதுண்டு. ஆனாலும் அவர் அப்படிச் சொன்னதும் மூச்சு திரும்பி வரும். காலில் பட்டவன் பிழைத்துக்கொள்வான். அடுத்த சனிக்கிழமை நொண்டிக்கொண்டாவது வருவான்.

காலம் அப்படி. காட்டுக்குள் கம்யூனிஸ்டுத் துப்பாக்கிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களைத் தேடி சர்க்காரின் துப்பாக்கிக்காரர்கள் போனார்கள். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. பொழுது சாய்ந்தால் யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது.

பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருநாள் வீடு திரும்பவில்லை. மரத்தடியில் குண்டு பட்டுச் செத்துக் கிடந்தவரைப் பால் வெட்டப் போன பெண்கள்தான் கண்டார்கள். அன்றிலிருந்து ஞானப்பூவுக்குத் தூக்கம் போயிற்று. தட்டு விழுந்தால் பதறினாள். கதவு அடித்தால் பதறினாள். அவருடைய சைக்கிள் மணி கேட்கிறவரை ஜன்னலை விட்டு நகரமாட்டாள்.

அப்படிப்பட்டவளிடம் போய், ஒருவன் செத்தான் என்று அவர் எப்படிச் சொல்வார்?

ரேடியோவின் பயம் வேறு பயம். அது இனித்தது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது வருகிற பயம். குமிழை முறுக்கினால் எல்லாத் துப்பாக்கியும் அடங்கிவிடும்.

நாடகத்தில் ஓர் இருமல்காரன் வருவான். கள்ளுக்கடை வைத்திருப்பவன். பேசுவதற்கு முன் இருமுவான், பேசிவிட்டுச் சிரிப்பான். அவன் சொல்வது ஒன்றும் புரியாவிட்டாலும் அவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவனையும் ஒருநாள் சுட்டார்கள். காலில்தான் என்றார் தேவசகாயம்.

அடுத்த வாரம் இருமல் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கால் இன்னும் ஆறவில்லையா என்று கேட்டாள். ஆறிக்கொண்டு வருகிறது என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பிறகு ஒரு சனிக்கிழமை. இன்னொருவனுக்குக் காலில் பட்டது. வெடிக்குப் பின்னால் காற்று. காற்றுக்குப் பின்னால் ஒரு பெண் அழுதாள். அப்புறம் நாலைந்து பேர் மெதுவாகப் பாடினார்கள்.

பாட்டின் சொற்கள் அவளுக்குப் புரியவில்லை. ராகம் புரிந்தது. அவளுடைய ஊர் வேதக்கோவில் கல்லறையில், அவளுடைய அப்பாவைக் குழியில் இறக்கும்போது பாடினார்களே, அதே ராகம். அதை யாரும் காலில் பட்டவனுக்குப் பாடமாட்டார்கள்.

அவள் இருமல்காரனை நினைத்துக்கொண்டாள். அவனுக்கு முன்னால் காலில் பட்டவர்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டாள். ஒருவனும் திரும்பி வந்ததில்லை. அன்றைக்கு அவர் தூங்கியபின் அவள் விழித்துக் கிடந்தாள். கால் என்று அவர் சொன்னால் உயிர் போய்விட்டது என்று அர்த்தம். இனி அவளுக்குத் தெரியும்.

தெரிந்தும் அடுத்த வாரம் போய் உட்கார்ந்தாள். அவர் சொன்னதற்குத் தலையாட்டினாள். பாவம் மனுஷன், தனக்காகத்தானே பொய் சொல்கிறார் என்று இருந்தது.

பிறகு வந்த ஒரு மழைச் சனிக்கிழமை துரை அவரை டவுனுக்கு அனுப்பியிருந்தார். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மழை வந்தது. இருட்டு வந்தது. அவர் வரவில்லை.

வீட்டில் அவள் மட்டும். ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மரங்களுக்குப் பின்னால் மரங்கள். ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் ஓர் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. பயந்தாள். வாய்விட்டு ஜெபம் சொன்னாள். தன் குரலே தனியாகக் கேட்டதில் பயம் கூடிற்று.

அப்போதுதான் ரேடியோவைப் போட்டாள். சத்தமாகப் போட்டாள், எவ்வளவு போகுமோ அவ்வளவு. வீட்டில் ஆம்பிளைக் குரல்கள் கேட்டால் எவனும் கிட்டே வரமாட்டான் என்கிற யோசனை.

குதிரைகள் வந்தன. வெடிகள் வந்தன. மொழிபெயர்க்க ஆளில்லாமல் எல்லாம் வெறும் இரைச்சலாக வந்தன. யார் நல்லவன், யார் கெட்டவன், ஒன்றும் தெரியவில்லை. அவளாக ஒரு கதையைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். இவன் தலையாரி. இவன் மாடு திருடினவன். இவன் வீட்டுக்குப் போகிறவன். இவன் நல்லபடியாக வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.

அந்த நேரத்தில் ஒரு வெடி.

அவள் விறைத்துப்போனாள். பெட்டிக்குள் வெடித்ததா, வெளியில் வெடித்ததா?

பெட்டிக்குள் என்றால் யாராவது அலறியிருக்க வேண்டும். குதிரை மிரண்டிருக்க வேண்டும். அங்கே ஒருவரும் விழவில்லை. பேச்சு நிற்கவில்லை. யாரோ ஒருவன் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான்.

பாய்ந்து போய்க் குமிழை முறுக்கினாள். மஞ்சள் வெளிச்சம் அணைந்தது. வெளியே கத்தல் மட்டும் அணையவில்லை. ஆட்கள் ஓடினார்கள். சேற்றில் பூட்ஸ் கால்கள். யாரோ டார்ச் அடித்தார்கள், வெளிச்சம் ஜன்னலைத் தடவிவிட்டுப் போயிற்று.

கதவைத் திறக்கக் கை வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். கர்த்தாவே, கர்த்தாவே என்பதற்கு மேல் ஜெபமும் வரவில்லை.

கதவைத் தட்டியது மண்டோர் வையாபுரி. பால்வெட்டுக்கு ஆள் பிரித்துவிடுகிற மேற்பார்வைக்காரர், தங்கமானவர். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, நல்ல சேதியை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று அவசர அவசரமாகச் சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா. கிராணிக்குக் கால்லதான் பட்டிருக்கு."

ஞானப்பூ அப்படியே சரிந்து விழுந்தாள்.

வையாபுரிக்கு ஒன்றும் புரியவில்லை. காலில்தானே என்றார் மறுபடியும். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். காலில்தான், சத்தியமாகக் காலில்தான் என்று அவர் சொல்லச் சொல்ல அவள் ஓலமிட்டாள். நல்ல சேதிக்கு இப்படி அழுகிற பெண்பிள்ளையை அவர் அதுவரை பார்த்ததில்லை.

எப்படியோ எழுந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மழையில் நடந்தார்கள். வழியெல்லாம் அவர் விவரம் சொல்லிக்கொண்டு வந்தார். தோட்டத்து வாசலுக்குப் புதிதாக ஒரு காவல்காரப் பையன் வந்திருந்தானாம். கிராணி வீட்டுக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டு மிரண்டுபோய்ப் பதுங்கியிருக்கிறான். இருட்டில் சைக்கிளில் ஓர் உருவம் வரவும் சுட்டுவிட்டான்.

அவள் காதில் பாதிதான் விழுந்தது. மீதியில் அந்த ராகம் ஓடிக்கொண்டிருந்தது. குழியில் இறக்குகிற ராகம். ரேடியோவைப் போட்டது தன் கை என்பது மட்டும் நன்றாக விழுந்தது.

ஆஸ்பத்திரியில் ஒற்றை விளக்கு. கட்டிலில் வெள்ளைப் போர்வை. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. நேராகக் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையைத் தூக்கினாள்.

முழங்காலுக்குக் கீழே கட்டு. கட்டின் மேல் சிவப்பு. கீழே பாதம். தொட்டாள். சூடாக இருந்தது. பெருவிரல் அசைந்தது.

"கால்லதான், ஞானம்," என்றது அவர் குரல்.

அவளுக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. கட்டில் கம்பியை ஓங்கி அடித்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக அவரிடம் குரலை உயர்த்தினாள். பாட்டைக் கேட்டுவிட்டேன் என்றாள். இருமல்காரன் செத்தது தெரியும் என்றாள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இனிமே செத்தா செத்தான்னு சொல்லுங்க," என்றாள். "உங்களை நம்பாம நான் பட்டது போதும்."

காயம் ஆற நாளாயிற்று. ரேடியோ துணி போர்த்திக் கிடந்தது. அதைப் போட மாட்டேன் என்று அவள் இருந்தாள். ஒரு சாயங்காலம் அவர்தான் நொண்டிக்கொண்டு போய்த் துணியை எடுத்தார். சன்னமாக வைத்தார், அவர்கள் இருவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

குதிரை. காற்று. கள்ளுக்கடைக் கதவு. இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசினார்கள். வெடித்தது. ஒருவன் விழுந்தான்.

அவள் அவர் கையைப் பிடித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் பயமாக இருக்கிறது என்று கையிலேயே தெரிந்தது.

"செத்துட்டான், ஞானம்," என்றார்.

அவள் அழுதாள். முகம் தெரியாத அந்த ஒருவனுக்காக, அவனுக்கு முன்னால் போன அத்தனை பேருக்காக, மரத்தடியில் கிடந்த கங்காணிக்காக. அவர் கையை விடாமல், பயமில்லாமல், நன்றாக அழுதாள்.