பிந்தி அசையும் சுவர்

இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ அறையின் பெரிய டாக்டருக்கு 'மில்லிசெகண்ட்' என்று பட்டம் வைத்தவளே அவள்தான். அவளும் டாக்டர்தான், அவருக்குக் கீழே வேலை பார்ப்பவள். இதயத்தின் இரண்டு பக்கச் சுவர்களில் எது முந்தி அசைகிறது, எது பிந்தி அசைகிறது என்று ஸ்கேனில் அளந்து, ஆண்டவனே காதில் ஓதியது போல இத்தனை மில்லிசெகண்ட் என்று அவர் ஒரு எண்ணை அறிவிப்பார். திரையில் ஓடும் அலையில் உச்சி எது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. இவரோ இஷ்டத்துக்கு ஒரு மேட்டில் அம்புக்குறியை வைத்துவிட்டுத் தலையை ஆட்டுவார். அளவாம், மண்ணாங்கட்டி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது அவர் அளந்தது அவளுடைய அத்தானின், அக்கா கணவரின், இதயத்தை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் மனுஷன். "ஒரு சுவர் ரொம்ப லேட். நெஞ்சுல பேஸ்மேக்கர் மிஷின் வச்சாதான் ரெண்டும் ஒண்ணா அடிக்கும்," என்றுவிட்டார்.

அவளும் அளந்து பார்த்தாள். இரண்டு சுவரும் ஜோடியாகத்தான் அசைந்தன. அதோடு விட்டாளா? அதே ஸ்கேன் பதிவைப் பெயரை மறைத்து, வேறு யாருடையதோ போல மறுவாரம் அவர் முன்னால் ஓடவிட்டாள். மில்லிசெகண்ட் அம்பை வைத்தார், தலையை ஆட்டினார். "நார்மல். மிஷின் வேண்டாம்." அவளுக்குச் சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

நேரே அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "அந்த ஆளுக்குக் கண்ணு பிடரியில. அத்தானை அறுக்க விடாதே."

அக்கா சிரிக்கவில்லை. "அதே பரீட்சையை நீ எழுதினியா?"

"எனக்கு எதுக்குக்கா?"

"உன் பேச்சைக் கேட்டுத்தானேடி இவரை வீட்டுல வச்சிருக்கப் போறேன்."

வீம்புக்காகத்தான் ஒத்துக்கொண்டாள். நர்ஸ் பலபேருடைய பதிவுகளைப் பெயர் மறைத்துக் கலந்து கொடுத்தாள். அளந்து முடித்துப் பெயர்களைத் திறந்தால், அத்தானுடைய பதிவில் அவளுடைய அம்பு இந்தத் தடவை வேறொரு மேட்டில் உட்கார்ந்திருந்தது. சுவர் லேட். ரொம்ப லேட்.

தூ, என்று வந்தது அவளுக்கு. பிறகுதான், கோப்பில் இருவருமே ஏறெடுத்துப் பார்க்காத ஈசிஜி தாளை எடுத்தாள். படிக்கிற பிள்ளைக்கும் தெரியும்படி அலைகள் அகலமாக விரிந்து கிடந்தன. இதயத்தின் ஒரு பக்கத்துக்கு மின்சாரமே தாமதமாகத்தான் போகிறது. அதற்கு அம்பும் வேண்டாம், ஊகமும் வேண்டாம். மிஷின் வைக்கத்தான் வேண்டும். மில்லிசெகண்ட் குருட்டாம்போக்கில் சொன்னது பலித்துவிட்டது. அவள் குருட்டாம்போக்கில் சொன்னது அத்தானைக் கொன்றிருக்கும்.

அக்காவிடம் போனில் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ஈயத்தைப் பாத்துப் பித்தளை இளிச்சுதாம்," என்றாள் அக்கா. "சரி, மிஷின் யாரு வைப்பாங்க?"

"அவர்தான்."

"அப்போ போய்க் கேளு."

ஈசிஜியை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனேம்மா. என் அளவு என்னைக்காவது தப்பியிருக்கா?"

அவள் ஈசிஜியை மடித்துக்கொண்டாள்.

"இல்லை சார்," என்றாள்.