கூட இருந்தவன்

"கழுத்துப் பொத்தானக் கழட்டவே முடியலம்மா, வெட்டித்தான் எடுத்தோம்," என்று சொல்லிப் பிணவறை ஊழியர் சட்டையை நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டாள். தம்பியின் சட்டைதான். ஆனால் கழுத்துவரை பொத்தான் போடுகிற ஆள் அவன் இல்லை. முப்பத்திரண்டு வயதுவரை அவன் சட்டையின் மேல் இரண்டு பொத்தான்களுக்கு வேலையே இருந்ததில்லை. நேற்று அடையாளம் காட்ட வந்தபோது தலைகூட வகிடெடுத்து வாரியிருந்தது. செத்த அன்றைக்காவது திருந்தினானே என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் கூடத்தில், பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்திருந்தான். சட்டைப் பையில் டோக்கன் இருந்தது. எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்கள், எழுந்திருக்கவில்லை. அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்கள். யாருக்கோ துணைக்கு வந்தவர் அசந்து தூங்குகிறார் என்று காவலாளி நினைத்தாராம். பெருக்க வந்த பெண் காலைத் தூக்கச் சொல்லி, அவன் தூக்காதபோதுதான் விஷயம் தெரிந்தது. ஊசியில் ஏற்றிய போதை மருந்து என்றார் டாக்டர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கொஞ்சம் முன்னாடி எமர்ஜென்சிக்குக் கொண்டு வந்திருந்தா பொழச்சிருப்பார்," என்றும் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து அப்பாவுக்கு ஒரே பேச்சு. "தானா நடந்து போயி டோக்கன் எடுத்திருப்பானா? எவனோ கூட இருந்திருக்கான். உக்கார வெச்சுட்டு ஓடியிருக்கான். அவன் மட்டும் என் கைல கெடைக்கட்டும்."

அக்காவுக்கு அழுகை வரவில்லை. ஐந்தாறு வருஷமாகத் தவணை முறையில் அழுது தீர்த்திருந்தாள். அம்மா போன பிறகு வீட்டில் இருந்தது மூன்று பேர். பித்தளைப் பாத்திரம், தையல் மிஷின், அப்பாவின் கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. வீட்டில் காணாமல் போகாத உருப்படி அவளும் அப்பாவும்தான். மூன்று தடவை சிகிச்சைக்குக் கூட்டிப் போனாள். மூன்று தடவையும் இடமில்லை என்றார்கள். போதும்டா சாமி என்று அவள் பலநாள் நினைத்ததுண்டு. இப்போது போதும் என்று ஆகிவிட்டது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பதினோரு மணி வாக்கில் எம்எல்ஏ வந்தார். கூடவே ஒரு மலர்வளையம், ஒரு போட்டோக்காரர், ஒரு இன்ஸ்பெக்டர். வளையத்தை வைத்துவிட்டு, போட்டோ சரியாக வரும்வரை குனிந்தே இருந்தார். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யா, அடுத்த வாரம் சட்டசபைல மசோதா வருது. இனிமே விக்கிறவனுக்கு மட்டும் இல்ல, கூட இருக்கறவனுக்கும் அதே தண்டனதான். ஜாமீனே கெடையாது. உங்க மகன் கதையச் சொல்லித்தான் பேசப் போறேன். நீங்க மேல பார்வையாளர் மாடத்துல உக்காந்திருக்கணும்."

"வர்றேங்க," என்றார் அப்பா.

மறுவாழ்வு மையத்தில் ஒரு படுக்கை கேட்டு இதே மனிதரின் ஆபீசுக்கு அப்பா நடையாய் நடந்திருக்கிறார். அது எம்எல்ஏவுக்கு நினைவில்லை. அப்பாவுக்கும் மறந்துவிட்டது போல. அக்காவுக்கு வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. எம்எல்ஏ கிளம்பினார். இன்ஸ்பெக்டர் மட்டும் விசாரணைக்கென்று தங்கினார்.

டீ டம்ளர்களைக் கழுவப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே ஒருவன் ஏற்கெனவே கழுவிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து வீட்டில் டீ கொடுத்துக்கொண்டிருந்தவன். அப்பா வழி ஆள் என்று அக்கம்பக்கத்தார் நினைத்திருப்பார்கள், அக்கம்பக்கத்து ஆள் என்று அவள் நினைத்திருந்தாள். தம்பி வயதுதான் இருக்கும். நகக்கண்ணில் நீல பெயிண்ட். தம்பியின் நகத்திலும் அதே நீலம் இருந்ததை நேற்றுப் பார்த்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே சுவருக்கு அடித்த பெயிண்ட்.

"நீதான் சுருட்டையா?" என்றாள். தம்பி போனில் பேசும்போது அடிக்கடி காதில் விழும் பெயர்.

அவன் தலையசைத்தான்.

"டோக்கன் எடுத்தது நீதானே?"

டம்ளர் நிரம்பி வழிந்தது. அவன் குழாயை மூடவில்லை. "உசுரோடதான்க்கா உக்கார வெச்சேன். மூச்சு இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு."

"எமர்ஜென்சிக்கு ஏன்டா போகல?"

"அந்த வாசல்லயே போலீஸ் உக்காந்திருக்குமேக்கா. நான் ஒரு தடவ உள்ள இருந்துட்டு வந்தவன். மறுபடியும் போனா நான் வெளிய வர்றதுக்குள்ள என் பொண்ணு பெரிய மனுஷி ஆயிடுவா. அதான் இந்தப் பக்கமாக் கூட்டிட்டு வந்தேன். டாக்டர் எப்படியும் கூப்பிடுவாருன்னு நெனச்சேன்."

"பொத்தான் போட்டது?"

"போன தடவ காச்சல்ன்னு வந்தப்ப இவன் கோலத்தப் பாத்துட்டு யாரும் கிட்டயே வரல. அதான் மூஞ்சக் கழுவி, தல சீவி, பொத்தான் எல்லாம் போட்டு விட்டேன். நல்ல எடத்து ஆளு மாதிரி இருந்தா சீக்கிரம் பாப்பாங்கன்னு."

அத்தனை ஒழுங்காக இருந்ததால்தான் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது அவன் முகத்திலேயே தெரிந்தது. அவளுக்குக் கை பரபரத்தது. இழுத்து ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது.

"ஒரே ஒரு தடவ கத்தியிருக்கலாம்லடா. கத்திட்டு ஓடியிருக்கலாம்ல."

"தோணலக்கா."

பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

அவள் கோர்ட்டில் டைப்பிஸ்ட். முதலாம் எதிரி இறந்துவிட்டபடியால் வழக்கு இரண்டாம் எதிரியின் மீது மட்டும் தொடர்கிறது என்று எத்தனையோ தடவை அடித்திருக்கிறாள். போன மாதம்கூட ஒரு பெண். புருஷன் ஊசி போட்டு மயங்கிக் கிடக்கிறான் என்று ஆம்புலன்சுக்குப் போன் செய்தவள். போன் செய்ததே அவள் அங்கே இருந்ததற்குச் சாட்சியாகிவிட்டது. தண்டனையை அடித்து முடித்து, பிழை பார்த்து, சாப்பிடப் போனாள் அக்கா. அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அந்தப் பெண்ணின் பெயரை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள், வரவில்லை.

"இங்க இருக்கீங்களாம்மா," என்று இன்ஸ்பெக்டர் பின்கட்டுக்கே வந்துவிட்டார். பின்னால் அப்பா. "தம்பியோட கூட்டாளிங்க யாராவது வந்திருக்காங்களா? கூட வேல பாத்தவங்க?"

"தெரிஞ்சா சொல்லும்மா," என்றார் அப்பா. "விட்றக் கூடாது."

இன்ஸ்பெக்டரின் பார்வை சுருட்டையின் மேல் நின்றது. "இவரு யாரு?"

ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை அவள் நாக்கில்தான் இருந்தது. சொல்லிவிட்டால் அப்பாவுக்கு ஆறும், தனக்கும்கூட ஆறும் என்று அவளுக்குத் தெரியும்.

"சித்தப்பா பையன்," என்றாள்.

அப்பாவுடன் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அவர் மகளைப் பார்த்தார். பிறகு சுருட்டையைப் பார்த்தார். அவன் கையைப் பின்னால் கொண்டுபோனான்.

"அப்படியா அய்யா, உங்க தம்பி மகனா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா எட்டிக் குழாயை மூடினார். "வண்டி வர்ற நேரம் சார். எடுத்தப்பறம் பேசிக்கலாமே."

இன்ஸ்பெக்டர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். சாவு வீட்டில் அதற்குமேல் நோண்ட அவருக்கும் சடைவாக இருந்திருக்க வேண்டும். "நாளைக்கு வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா பின்வாசல் படியில் உட்கார்ந்தார். அவனை அடிக்கப் போகிறார் என்று அக்கா அருகில் போய் நின்றாள். அவர் அடிக்கவில்லை.

"அப்பாவுக்கு ஒரு டீ குடு," என்றாள் அவள்.

சுருட்டை உள்ளே போய் டீ கொண்டுவந்து நீட்டினான். அப்பா டம்ளரை வாங்கினார். அவனை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லலப்பா. அதுக்கு முன்னாடி, விடிஞ்சதும், பசிக்குதுன்னான்."

"குடுத்தியா?"

"பன்னு வாங்கிக் குடுத்தேன். பாதி தின்னான்."

"தின்னானா."

தெருவில் வண்டி வந்து நின்றது. எல்லாரையும் வரச் சொல்லி உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்ன பன்னு?" என்று கேட்டார்.