வடக்குச் சுவரில் சாய்ந்திருந்தவன்

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. சுவரில் சாய வேண்டாம். இந்தக் கதை முடிகிறவரைக்கும் முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் இருப்பதே நல்லது. பாசி பிடித்த ஒரு சுவரைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பயந்த சுபாவம் உள்ளவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

ஓர் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு ஒரு பழக்கம். வேலை விட்டு வந்ததும் வீட்டின் வடக்குச் சுவரில் முதுகைக் கொடுத்து, ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றி, தலையைச் சாய்த்தபடிதான் டீ குடிப்பான். அப்படி நின்றுகொண்டிருந்தவன் ஒரு சாயங்காலம், இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். லாரி மோதியது. போனவன் போனவன்தான்.

அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சுவரில் பாசி பிடித்தது. வெயில் படாத சுவர், பிடிக்கத்தானே செய்யும். ஆனால் அது ஆள் உயரத்துக்கு, ஆள் அகலத்துக்குப் பிடித்தது. ஒரு கால் மடங்கி, தலை ஒரு பக்கம் சாய்ந்து. அம்மா பார்த்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

பிறகு இளையவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தச் சுவருக்கு உள்பக்கம்தான் குழந்தை படுக்கும் இடம். சமையலறையை விட்டால் வேறு அறை கிடையாது. வெளியே பாசி தேக்கி வைத்த ஈரம் உள்ளே இறங்கி, அறையெல்லாம் பூஞ்சை வாடை. குழந்தைக்கு இழுப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு மூச்சும் கதவு உரசுவதுபோல் கேட்கும். முதலில் சுவரைக் காயவையுங்கள், இல்லாவிட்டால் குழந்தை தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

பெயிண்டரைக் கூப்பிட்டார்கள். தலைமுதல் செருப்புவரை வெள்ளைப் புள்ளியாக இருப்பார் என்பதால் அவரைத் தூறல் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். தூறல் சுவரைப் பார்த்ததும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் சமாளித்துக்கொண்டு, நல்லவேளை, இவர் எதிர்த்துப் பேச மாட்டார் என்றார். மருமகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

அவர் வேலையில் குறை சொல்ல முடியாது. மொட்டைமாடித் தண்ணீர் சுவரில் வழியாதபடி குழாயைத் திருப்பிவிட்டார். விரிசலை அடைத்தார். காய்ந்த பாசியைத் தேய்த்தால் தூள் பறந்து வேறு இடத்தில் முளைக்கும் என்று, மருந்துத் தண்ணீரை அடித்து, பச்சை செத்துப் பழுப்பாகும்வரை காத்திருந்து, ஈரத்தோடு தேய்த்துக் கழுவினார். நன்றாகக் காயவிட்டு, பாசி பிடிக்காத பெயிண்டை இரண்டு பூச்சு அடித்தார். சுவர் பளிச்சென்று ஆனது.

அடுத்த மழை ஓய்வதற்குள் அவன் திரும்பி வந்துவிட்டான். அதே கால் மடக்கு, அதே தலைச் சாய்ப்பு.

"என்னண்ணே, பெயிண்ட்ல உரம் கலந்து அடிச்சீங்களா?" என்று, மறுபடி வரவழைத்த தூறலிடம் கேட்டுவிட்டு இளையவன் வேலைக்குப் போனான். தூறலுக்குச் சுருக்கென்றது. குழாயைப் பார்த்தார், சரியாக இருந்தது. விரிசல் இல்லை. கடைசியில் சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். புளித்த பால் வாடை.

அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் மறைக்கவில்லை. மத்தியானம் மருமகளும் குழந்தையும் கண்ணயரும்போது, குழந்தையின் பால் பாத்திரம் அலசிய தண்ணீரைக் கொண்டுவந்து சுவரில் தடவுகிறாளாம். உடம்பெல்லாம் தடவிவிட்டு, முகம் இருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்திருப்பாளாம்.

"பால்தாம்மா பாசிக்குப் பிடிச்ச தீனி. அந்த ஈரந்தான் உள்ள எறங்குது."

"அவனுக்கு நான் வேற என்னத்தக் குடுக்க முடியும்? நீ தேச்சு எடுத்துட்டா அவன் எங்க போய் நிப்பான்?"

தூறல் நாலடி பின்னால் போய்ச் சுவரைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எப்பவும் கிட்ட நின்னே பாக்கறீங்கம்மா. கொஞ்சம் தள்ளி வந்து பாருங்க."

அவள் பின்னால் நகர்ந்து மதில் பக்கமாகப் போய் நின்று பார்த்தாள்.

அவன் தனியாக இல்லை. இடுப்பை ஒட்டிப் புதிதாக இளம்பச்சையில் ஒரு சின்ன உருவம். அதன் தலை அவன் தோளில் சாய்ந்திருந்தது. தூங்குகிற குழந்தையைத் தூக்கிவைத்திருப்பவன்போல் நின்றான். அந்த இடத்தில் அவள் ஒருநாளும் கைவைத்ததில்லை. உள்ளே குழந்தை இழுத்து இழுத்து மூச்சுவிடும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது.

அம்மா போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"அது உன் தம்பி பொண்ணுடா. எறக்கி விட்டுரு."

தூறல் கையிலிருந்த மருந்துத் தண்ணீரை அவளே வாங்கி அடித்தாள். பச்சை பழுப்பாகும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பிரஷ்ஷை எடுத்ததும் முதலில் சின்ன உருவத்தைத்தான் தேய்த்தாள். பெரியவன் முகத்துக்கு வந்தபோது பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு வெறும் கையால் தேய்த்தாள். தூறல் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சுவர் காய்ந்தது. பெயிண்ட் நின்றது. குழந்தையின் இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் கேட்கவே இல்லை. பால் பாத்திரம் அலசிய தண்ணீர் இப்போது சாக்கடைக்குத்தான் போகிறது. ஊற்றும்போது மட்டும் அம்மாவின் கை கொஞ்சம் தயங்கும்.

அந்தச் சுவரில் அதற்கப்புறம் பாசி பிடித்ததில்லை. ஆனால் சாரல் அடிக்கும்போது சுவர் முழுக்க நனைகிறது, ஓர் ஆள் அளவுக்கு மட்டும் நனைவதில்லை. ஒரு கால் மடங்கி, தலை சாய்ந்து, யாரோ முதுகைக் கொடுத்து நிற்பதுபோல் அந்த இடம் மட்டும் காய்ந்து கிடக்கும். பெயிண்ட் அங்கே தடிப்பாக விழுந்திருக்கும் என்கிறான் இளையவன். அம்மா தள்ளி நின்று பார்ப்பாள். இடுப்புப் பக்கம் ஒன்றும் இல்லை, கை வெறுங்கைதான் என்று தெரிந்தபிறகு உள்ளே போவாள்.

உங்கள் வீட்டுச் சுவர்கள் காய்ந்தே இருக்கட்டும், கண்ணுகளா. உள்ளே தூங்குகிற பிள்ளைகளின் மூச்சு சத்தமில்லாமல் வந்து போகட்டும். வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போகிறவர்கள் எல்லாரும் நல்லபடியாக வீடு வந்து சேரட்டும்.